பாங்காக்கில் ஐந்தாண்டு விருந்தாளி

நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலில் பப்பாளிக்காயைச் சீவி உரலில் இடித்து 'சோம் தாம்' செய்து விற்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். மீன் சாறும் காய்ந்த இறாலும் போடாமல் தர வேண்டும் என்று முதல் வருடம் அவரிடம் கெஞ்சினேன், இரண்டாம் வருடம் நினைவூட்டினேன், மூன்றாம் வருடத்திலிருந்து என் தலையைக் கண்டதுமே அவர் தனி உரலை எடுத்துவிடுகிறார். இந்த ஊரில் நான் காலூன்றிவிட்டேன் என்பதற்கு அந்தத் தனி உரலே போதுமான சான்று என்று நம்பியிருந்தேன்.

சென்ற மார்கழியில் ஒரு மாலை, என் பொட்டலத்தைத் தவறுதலாக எடுக்கப் போன ஒரு பெண்ணிடம் அவர், "அது கேக்குக்கு" என்று சொன்னது காதில் விழுந்தது. அந்தச் சொல்லை அதற்கு முன்பும் இங்கே பலமுறை கேட்டிருக்கிறேன். ஏதோ பலகாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விட்டிருக்கிறேன். மறுநாள் அலுவலகத்தில் விசாரித்தபோதுதான், இந்தியர், மலாய்க்காரர், அரபியர் ஆகிய எல்லோருக்கும் சேர்த்துத் தாய்லாந்துக்காரர்கள் வழங்கும் பொதுப்பெயர் அது என்றும், அதன் நேர்ப்பொருள் 'விருந்தாளி' என்றும் தெரிந்தது. சொன்ன சக ஊழியர், இதில் இழிவு எதுவும் இல்லை என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். அந்த இரண்டாவது முறைதான் உறுத்தியது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கேட்டு வளர்ந்தவன், ஐந்து வருடமாக விருந்தாளியாக இருந்திருக்கிறேன் என்பதை எந்தக் கணக்கில் எழுதிக்கொள்வது?

அந்த வாரமே சித்தியும் சித்தப்பாவும் மாயவரத்திலிருந்து, சரியாக மூன்று நாள் பயணமாக, வந்து இறங்கினார்கள். 2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்று இந்த நாடு அறிவித்ததிலிருந்து எங்கள் வீடு பாதி சத்திரமாகிவிட்டது. சென்னையிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான்; மாயவரத்திலிருந்து சென்னைக்கு வந்து சேர்வதற்குத்தான் அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்று சித்தப்பா ஒவ்வொரு வேளையும் சொன்னார். சித்தி பெட்டியைத் திறந்து பருப்புப்பொடி, நார்த்தங்காய், மோர்மிளகாய் என வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, "எங்கள எங்கயும் அலைய விட்டுடாதடா, நீ ஊர்க்காரன், நீயே கூட்டிட்டுப் போ" என்றார். 'ஊர்க்காரன்' என்ற அந்தச் சொல் எனக்கு அப்போது எவ்வளவு இனித்தது என்பது அவருக்குத் தெரியாது.

அந்த இனிப்பு மறுநாள் காலை பத்து மணி வரை நீடித்தது. படகுத்துறையிலிருந்து அரண்மனையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, இஸ்திரி போட்ட சட்டையணிந்த ஒருவர் எதிர்ப்பட்டு, துறவிகளின் சடங்குக்காக ஒரு மணி வரை அரண்மனை மூடியிருக்கிறது என்று வருத்தத்துடன் தெரிவித்தார். நான் தாய்லாந்து மொழியில் பதில் சொன்னதும், இவ்வளவு அழகாக எங்கள் மொழியைப் பேசும் அயலவரை நான் பார்த்ததே இல்லை என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். அவர் கைகாட்டிய டுக்டுக் ஆட்டோவில் ஏறி, வழியில் ஒரு ரத்தினக் கடையிலும் ஒரு தையற்கடையிலும் இறக்கப்பட்டு, சித்தப்பாவின் தோள் அகலத்தை ஒருவர் நாடாவால் அளந்துகொண்டிருந்த வேளையில், மாயவரத்தைத் தாண்டி அதிகம் போயிராத சித்தி என் காதருகே வந்து, "ஏண்டா, அரண்மனை நிஜமாவே மூடித்தான் இருக்கா?" என்று கேட்டார். அரண்மனை காலை எட்டரைக்கே திறந்திருந்தது. சுற்றுலாப் பயணிகளிடம் காலங்காலமாக நடக்கும் இந்த ஏமாற்றைப் பற்றி, வருகிற விருந்தினர் அனைவருக்கும் எச்சரிக்கை சொல்லி அனுப்புகிறவன் நான்.

அத்துடன் முடியவில்லை. வாசற்காவலர் வேட்டி கட்டிய சித்தப்பாவையும் புடவை கட்டிய சித்தியையும் கும்பிட்டு உள்ளே விட்டார். அரைக்கால் சட்டை அணிந்திருந்த என்னைத் தடுத்து நிறுத்தினார். முழங்கால் தெரியக்கூடாது என்பது விதி. எதிர்க்கடையில், முதன்முறை வருகிறவர்கள் அணியும், யானைப் படம் போட்ட தொளதொளத்த கால்சட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, என் விருந்தாளிகளுக்குப் பின்னால் நுழைந்தேன்.

உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள நடைமண்டபத்தில், 178 பெரும் சித்திரங்களாக இராமாயணம் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே அதற்கு 'ராமகியன்' என்று பெயர். மரகதம் என்று சொல்லப்படும் அந்த புத்தர் பச்சை நிற ஜேடு வகைக் கல்லால் ஆனவர் என்பதையும், கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக அவருக்கு மூன்று ஆடைகள் உண்டு, அவற்றை மன்னரே மாற்றுகிறார் என்பதையும் நான் விளக்கியபோது சித்தி, நம் ஊர்ச் சாமிகளுக்குத் தினமும் மாற்றுகிறோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சித்திரங்கள்தாம் அவரைப் பிடித்து நிறுத்தின. இவர்கள் கதையில் சீதை இராவணனின் மகள். அனுமனோ பிரம்மச்சாரி அல்லர், கடலுக்கடியில் சுவர்ணமச்சை என்னும் மீன்கன்னியிடம் மனத்தைப் பறிகொடுத்துப் பிள்ளையும் பெற்றவர். அந்த மீன்கன்னியும் இராவணனின் மகளே. ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தும் சித்தி வாயடைத்துப்போய் நின்றார். சித்தப்பா விரல்விட்டுச் சிறிது நேரம் கணக்குப் போட்டார். "அப்படின்னா இராமரும் அனுமாரும் சகலபாடிங்க" என்று அவர் அறிவித்தபோது, அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்த வேறு எவரும் இல்லாமற்போனதற்காக நான் வருந்தினேன்.

இரண்டாம் நாள் ஆற்றோடு போயிற்று. இந்த ஊருக்கு வந்து இரண்டே நாள் தங்குகிறவர்கள் வேறு எதை விட்டாலும் சாவ் பிரயா ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகில் போவதை விடக்கூடாது என்பது என் கட்சி. சாத்தோன் துறையில் ஏறினால், ஊர் தன் முகத்தை ஆற்றின் பக்கமாகத்தான் வைத்திருக்கிறது என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். படகு துறையை நெருங்கும்போது பின்னால் நிற்பவர் விசில் அடிப்பார். அந்த விசிலின் நீளத்தையும் குறுக்கத்தையும் வைத்து ஓட்டுநர் படகை இஞ்சு இஞ்சாகத் திருப்புவார். கயிறு சுற்றப்பட்ட கணமே ஏற வேண்டும், இறங்க வேண்டும். தா தியன் துறையில் இறங்கி, 46 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தரை வாட் போ கோயிலில் பார்த்தோம். அவருக்குப் பின்புறம் வரிசையாக வைத்திருக்கும் 108 வெண்கலக் கிண்ணங்களில் சித்தி ஒவ்வொரு காசாகப் போட்டுக்கொண்டே நடந்தார். மண்டபம் முழுவதும் அந்தக் காசுகள் விழும் ஓசைதான். உண்டியலில் பெய்யும் மழைபோல இருந்தது. பிறகு அக்கரைப் படகில் வாட் அருணுக்குப் போனோம். உடைந்த பீங்கான் தட்டுகளையும் கிண்ணங்களையும் பூப்பூவாகப் பதித்துக் கட்டிய அந்தக் கோபுரத்துக்குச் சூரியனின் சாரதி அருணனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

சித்தி கோபுரத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. படித்துறையில் நின்று, ஆகாயத்தாமரைக் கூட்டங்களைத் தள்ளிக்கொண்டு போகும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு இவர்கள் மொழியில் 'மே நாம்' என்று பெயர், 'மே' என்றால் தாய், 'நாம்' என்றால் தண்ணீர் என்று நான் சொன்னதும், கீழ்ப்படிக்கு இறங்கி, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "மார்கழியில எவ்வளவு தண்ணி பாரேன்" என்றார். ஆயிரமானாலும் மாயூரம் ஆகாது என்பார்கள். அந்த மாயூரத்துத் துலாக்கட்டத்தில், ஐப்பசிக் கடைமுழுக்குக்குக் காவிரியில் தண்ணீர் வருமா, மோட்டார் வைத்துத் தொட்டியில் நிரப்ப வேண்டியிருக்குமா என்று கவலைப்பட்ட வருடங்கள் எங்கள் இருவருக்குமே தெரியும். நான் ஐந்து வருடமாக இந்த ஆற்றில் அலுவலகம் போய் வருகிறேன். ஒரு நாளும் கையை நனைத்ததில்லை.

அன்று மாலை, ரயில் நிலையத்தில் சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலித்தது. காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இது வழக்கம். நடந்துகொண்டிருக்கும் கூட்டம் முழுவதும் சிலையாக நின்றுவிடும். நானும் நின்றேன். சித்தப்பா மட்டும், எல்லோரும் வழிவிட்டுவிட்டார்கள் என்று எண்ணி விறுவிறுவென்று நடந்து, ஒரு இருக்கையையும் பிடித்துவிட்டார்.

வார இறுதிச் சந்தையான சதுசக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. போனோம், வெந்தோம், ஆளுக்கொரு இளநீர் குடித்துத் திரும்பினோம். எராவான் சந்நிதியில் மட்டும் சித்தப்பா நெடுநேரம் நின்றார். ஐராவதம்தான் இங்கே எராவான். 1956இல் அங்கே ஒரு விடுதியைக் கட்டும்போது அடுத்தடுத்து விபத்துகள் நேர்ந்ததால் நான்முகனை நிறுவினார்களாம். நம் ஊரில் தலையெழுத்தை மாற்றத் திருப்பட்டூர் வரை போய்த் தேட வேண்டிய பிரம்மன், இங்கே பேரங்காடிகளுக்கு நடுவே நாற்சந்தியில் மாலைகள் வழிய உட்கார்ந்திருக்கிறான். வேண்டுதல் நிறைவேறியவர்கள் காசு கொடுத்து அவன்முன் நாட்டியம் ஆடச் செய்கிறார்கள்.

மூன்றாம் நாள் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. ஊர்க்காரர்கள் அதை 'வாட் கேக்' என்கிறார்கள். விருந்தாளியின் கோயில் என்று அதற்குள் எனக்கு மொழிபெயர்க்கத் தெரிந்திருந்தது. ஆனால் வரிசையில் நின்ற ஐம்பது பேரில் எங்களைத் தவிர அனைவரும் தாய்லாந்துக்காரர்கள். எதிர்க்கடையில் வாங்கிய சாமந்தி மாலை, தேங்காய், வாழைப்பழத் தட்டுடன் அலுவலக உடையிலேயே வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற இளம்பெண், திருநீற்றை எந்த விரலால் எடுப்பது என்று சற்றுத் தடுமாறிய சித்தப்பாவுக்குப் புன்னகையுடன் மோதிர விரலைக் காட்டினாள். நவராத்திரியின் முடிவில் விஜயதசமி இரவு இந்தச் சாலையையே மூடிவிட்டு அம்மன் ஊர்வலம் வரும்போது, வழிநெடுகப் பீடம் அமைத்துக் காத்திருப்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. விருந்தாளி கட்டிய வீட்டில் விருந்தாளிக்கு இடமில்லாமல் கூட்டம் நெருக்கியதில் எனக்கு ஏனோ அளவற்ற மகிழ்ச்சி.

அங்கிருந்து பெரிய ஊஞ்சலைப் பார்க்கப் போனோம். 1784இல் நிறுவப்பட்ட ஊஞ்சலுக்குப் பதிலாக, சிவப்புச் சாயம் பூசிய நெடிய தேக்குத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. நடுவே ஊஞ்சல் இல்லை. உயிரிழப்புகள் நேர்ந்ததால் 1935இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் கோயிலில் அரசவை அந்தணர்கள் மட்டும் ஆண்டுதோறும் சிவனை வரவேற்கும் சடங்கை இன்றும் நடத்துகிறார்கள். அதன் பெயர் 'திரியம்பவாய்'. திருவெம்பாவைதான் அது, மாணிக்கவாசகரின் பாடலை ஒலி திரிந்த நிலையில், தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள். சிவனையே சில நாள் தங்கிப் போகும் விருந்தாளியாக நடத்துகிற ஊர் இது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

"பொருள் தெரிஞ்சு பாடுறாங்களா?" என்று சித்தி கேட்டார். தெரியாமல்தான் என்றேன். "நாம மட்டும் என்ன, சின்ன வயசுல பொங்கலுக்குத்தானே பாடினோம்" என்றார். மாயூரநாதர் கோயில் பிரகாரத்தின் கருங்கல், வெறுங்காலில் ஏறும் மார்கழிக் குளிர், பூவரச இலையில் வைத்துத் தரும் வெண்பொங்கலின் நெய் விரலிடுக்கில் இறங்குவது, இன்னும் ஒரு கரண்டி கிடைக்குமா என்று கடைசிப் பாட்டை மட்டும் உரக்கப் பாடுவது. நாற்சந்தியின் வாகன இரைச்சலுக்கு நடுவே சித்தி "ஆதியும் அந்தமும் இல்லா" என்று மெல்லத் தொடங்கினார். இரண்டாம் அடியில் நானும் சேர்ந்துகொண்டேன். நான்காம் அடி எனக்கு மறந்திருந்தது.

அன்றிரவு அவர்களை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். வாசலில் பெண்மணி உரலைக் கழுவிக்கொண்டிருந்தார். உன் வீட்டுக் 'கேக்' எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்களா என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றேன். வீட்டுக்காரனின் மிடுக்குடன் அவர்கள் மூன்று நாளும் சுற்றிப் பார்த்ததை விவரித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மகள் மீதமிருந்த கடைசிப் பொட்டலத்தை எடுத்து எனக்குப் பின்னால் நின்றவரிடம் நீட்டப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதைத் தராதே. அது கேக்குக்கு."