வரையாடும் அடைக்கலம் காணும்: ஒரு வருடக் கீர்த்தனை வேலை

என் வரையாட்டுக் கீர்த்தனையின் அனுபல்லவி, அதாவது பல்லவிக்கு அடுத்து வரும் பகுதி, ஒருவழியாகப் படிந்துவிட்டது. போன ஞாயிறு பாடகர் குழு முழுவதும் சேர்ந்து பாடியபோது எங்கேயும் இடறவில்லை. தென்மேற்குப் பருவத்தில் எடுத்து, வடகிழக்குப் பருவம் முடியும் வரைக்கும் என்னை இழுத்தடித்த இடம் அது. அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த வருட வேலையை எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொண்டது 104ஆம் சங்கீதம். அதை நீலகிரியில் நின்று பாடினால் எப்படி இருக்கும் என்பதுதான் வருடம் முழுவதும் மனதில் ஓடியது. ஐந்து கீர்த்தனை எழுதத் திட்டம். நீரூற்று, சோலை, மழை என்று நான்கு பாட்டு பெரிய தொந்தரவில்லாமல் வந்துவிட்டன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோலைப் பாட்டை அறுப்பின் பண்டிகைக்குப் பாடினோம். பலிபீடத்தின் முன்னால் கேரட்டும் பீட்ரூட்டும் தேயிலைக் கொழுந்தும் அடுக்கி வைத்திருக்க, பாட்டு பொருத்தமாகவே இருந்தது.

ஐந்தாவதுதான் வரையாட்டுப் பாட்டு. 18ஆம் வசனத்தில், உயர்ந்த பர்வதங்கள் எதற்கு அடைக்கலம் என்று சொல்லும் இடத்தில், நம் பழைய மொழிபெயர்ப்பில் வரையாடு என்றே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத நம் நீலகிரி வரையாட்டுக்கும் அதே பெயர். முக்கூர்த்திப் பக்கம் புல்வெளியில் மேயும். சிறுத்தையோ செந்நாயோ வாடை அடித்தால் செங்குத்துப் பாறைக்கு ஓடிவிடும். அங்கே அதற்குக் கால் நிற்கும், துரத்துகிறவனுக்கு நிற்காது. அடைக்கலம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. நம் மாநில விலங்கு வேறு. ஆனாலும் இத்தனை காலம் நம் சபைப் பாட்டில் நான் அதைக் கேட்டதே இல்லை.

பல்லவி சீக்கிரமே வந்தது:

வரையாடும் அடைக்கலம் காணும் – உம்
வரைமீதில் அடியேனும் வாழ்வேன்

ராகம் ஆனந்தபைரவி, தாளம் ஆதி. முதலில் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டிலேயே, எடுத்துப் பாடிப் பார்த்தோம். ‘வரை’ முதல் தட்டில் விழுந்தது, ஒரு சின்ன இடைவெளி, பிறகு ‘யாடும்’. குழுவில் ஆல்டோ பாடும் பெரியம்மா உடனே நிறுத்தினார். “ஏம்மா, கன்மலை அசையாதுன்னு சொல்ல வந்துட்டு, வரை ஆடும்ங்கிறோமே? நிலச்சரிவு வர்ற ஊர்ல இதைப் பாடலாமா?” என்றார். அவர் கேட்டது சரிதான். தாளம் வெட்டுகிற இடத்தில் சொல்லும் பிரிந்துவிடுகிறது. ஆடு போய் மலையே ஆடிவிடுகிறது.

சொல்லை மாற்றலாமா என்று யோசித்தோம். சங்கப் பாட்டில் வருடை என்று உண்டு. அழகான சொல்தான், ஆனால் ஆராதனைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்குப் புரியும்? எனக்கு வரையாடுதான் வேண்டும். அதனால் எடுப்பை, பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தை, மாற்றினேன். அதீத எடுப்பு: தாளத்துக்கு முன்பாகவே ‘வரை’யைச் சட்டென்று சொல்லிவிட வேண்டும், முதல் தட்டு நெடிலான ‘யா’வில் விழ வேண்டும். அவ்வளவுதான், ஆடு முழுசாக வந்துவிட்டது. ஹார்மோனியம் வாசிக்கும் அண்ணனுக்கு இது பழக நாளாயிற்று. மிருதங்கத் தம்பி முதல் முறையே பிடித்துக்கொண்டான்.

இனி அனுபல்லவி. எதுகைக்கு ‘வரை’யோடு சேரும் சொற்களை எழுதிப் பார்த்தேன்: கரை, திரை, நுரை. மூன்றும் கடற்கரைச் சொற்கள். ‘திரைமீது நடந்தவர்’, ‘கரை சேர்க்கும் கரம்’ என்று தானாக வந்து விழுகின்றன. நம் கீர்த்தனைகளில் படகும் அலையும் இவ்வளவு இருப்பதற்கு கலிலேயாக் கடல் ஒரு காரணம் என்றால், இந்த எதுகை வசதியும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இது மலைப் பாட்டு. ஒரு துளி கடல்கூட உள்ளே வரக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் பிடி கொடுத்த சொல் ‘தரை’.

அதற்குப் பிறகும் முடியவில்லை. இரண்டாவது பாதி இழுத்துப் பாடும் இடம். தமிழில் குறிலை இழுத்தால் வேறு சொல்லாகிவிடும் என்பது பாட்டு எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த தலைவலிதான். கரம் காரமாகும், மலை மாலையாகும், படு பாடாகும். மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழை அடைத்த பல பாமாலைகளில் இன்னும் இது காதில் உறுத்துகிறது. மெட்டு முதலில் வந்து சொல் பின்னால் போனால் அப்படித்தான் ஆகும். நான் முதலில் எழுதியது ‘தரையோடு தவழ்கின்ற பனியில்’. அந்த ‘ப’வில்தான் நீட்டல் வருகிறது. எப்படிப் பாடினாலும் ‘பானி’ என்றே கேட்டது. மேகம் என்று போட்டால் நெடில் இருக்கிறது, ஆனால் மேகம் தரையோடு தவழ்கிறது என்பதை மலையில் இருப்பவர் மட்டும்தான் ஒத்துக்கொள்வார்.

அப்புறம்தான் மெல்லின ஒற்று பிடிபட்டது. உயிரை நீட்டாமல் ஞ், ண், ம் போன்ற எழுத்தில் மூக்கால் ரீங்கரித்து நிற்கலாம். குறில் குறிலாகவே இருக்கும். பழைய வித்வான்கள் இதைக் கேட்டால் தெரிந்ததுதானே என்பார்கள். ஆனால் எழுதும்போதே அந்த ஒற்றை எங்கே வைப்பது என்று கணக்குப் போட்டு வைக்கிறவர்கள் குறைவு. இப்போது இப்படி நிற்கிறது:

தரையோடு தவழ்கின்ற மஞ்சில் – கால்
தவறாமல் அணைத்தீர் உம் நெஞ்சில்

மஞ்சு என்றால் பனிமூட்டம். ‘மஞ்சில்’ என்ற சொல்லின் ஞ்-இல் நான்கு எண்ணிக்கை நிற்கலாம். ‘கால்’ நெடில், அது தானாகவே தாங்கும். ‘நெஞ்சி’லும் அதே ஒற்று, அதே இடம். இதைப் பாடிக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நம் மண்ணின் பாட்டு வடிவத்தைச் சபைக்குள் கொண்டுவந்ததில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எப்போதும் என் முன்னே நிற்கிறார். குறத்தியும் குறியும் மலைவளமும் உள்ள குறவஞ்சியை எடுத்து அதில் கிறிஸ்துவின் கதையைச் சொன்னவர். அவர் அவ்வளவு துணிந்திருக்கும்போது மலையிலேயே குடியிருக்கும் நாம் ஒரு வரையாட்டைப் பாட்டுக்குள் விடத் தயங்குவது நியாயமே இல்லை.

ஹார்மோனியம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருடத்தில் பாதி நேரம் அதோடுதான் போனது. குன்னூரில் அக்டோபர், நவம்பர் மழைதான் அதிகம். ஈரத்தில் மரம் ஊறி, கட்டை அழுத்தினால் மேலே வராது. துருத்தித் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். கோவையில் ஒரு கடையில் சரிசெய்யக் கொடுத்தோம். திரும்பி வந்தபோது நடு ஸ்தாயிப் பஞ்சமம் (‘ப’ சுரம்) சுருதி இறங்கியிருந்தது. கேட்டதற்கு மலைக் குளிர் அப்படித்தான் செய்யும் என்று ஒரு பதில். குளிர் ஒரே ஒரு ரீடை (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கை) மட்டும் தேடிப் பிடிக்குமா? எங்கள் சபையிலேயே ஒரு பெரியவர் ரீடின் நுனியில் மெல்லச் சுரண்டிச் சுருதியை ஏற்றிக் கொடுத்தார். நுனியில் சுரண்டினால் ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் கை பதறாதவர்தான் செய்ய வேண்டும்.

இப்போது பெட்டியை அலமாரியில் வைத்து, கீழ்த்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிடுகிறோம். எல்ஈடி போட்டால் சூடு வராது, பிரயோஜனமில்லை. குண்டு பல்பு மேலே கிடைப்பதே அரிதாகிவிட்டது. மேட்டுப்பாளையம் போகிறவர்கள் பழைய எலெக்ட்ரிகல் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் கூடவே இரண்டு வாங்கி வையுங்கள். எழுதுகிற நோட்டையும் அதே அலமாரியில்தான் வைக்கிறேன். மழை மாதத்தில் வெளியே வைத்த தாளில் மை ஊறிப் பரவுகிறது.

அடுத்து படுக மொழியில் ஒரு சரணம் வேண்டும் என்று ஆசை. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் 1846இல் நீலகிரியின் கேத்தியில் பணி தொடங்கிய நாளிலிருந்து படுகருக்கும் நம் சபைகளுக்கும் உறவு இருக்கிறது. கூட வேலை செய்யும் படுகத் தோழி ஒருத்தி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் மெட்டை மட்டும் கொடுப்பேன், சொல் முழுவதும் அவளுடையது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வில்லுப்பாட்டும் யோசனையில் இருக்கிறது, ஆனால் அதற்கு வில் கட்டத் தெரிந்தவர் கிடைக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் இந்தப் பாட்டின் மூன்றாம் சரணம் பாக்கி. அதே வசனத்தில் வரையாட்டுக்கு அடுத்து வருவது குழிமுசல், பாறை இடுக்கில் வாழும் ஒரு சிறு பிராணி. அந்தப் பிராணி இந்தியாவிலேயே கிடையாது. நம் புல்வெளியில் இருப்பது முயல்தான். வேதத்தில் கைவைக்கவில்லை, பாட்டில் மட்டும் முயலை வைக்கலாம் என்று போதகர் ஐயாவும் சம்மதித்துவிட்டார். எதுகைக்குப் புயல், வயல், செயல் என்று நல்ல சொற்களே வரிசையில் நிற்கின்றன. ‘முயலுக்கும் ஒரு குழி தந்தீர், புயலுக்கும் ஓர் எல்லை வைத்தீர்’ என்பது வரை வந்திருக்கிறேன். ‘குழி’யில் மட்டும் நீட்டல் விழாமல் மெட்டை ஒதுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்குள் அதைப் பார்த்துவிடுகிறேன்.