சபை வேறே, பேங்க் வேறே

“சபை வேறேம்மா, பேங்க் வேறே.”

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் சொன்னது இந்த நான்கு வார்த்தைகள்தான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்காது. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வேலைக்குப் போகும் வழியில், பைக்கில் போகும்போதே, இப்போதும் அந்த வார்த்தைகள் வாய்க்குள் வந்து நிற்கின்றன.

முந்தின நாள் ஞாயிறு. எங்கள் சேகரத்தில் ஏழு சபைகள், அத்தனைக்கும் ஒரே ஐயர், அதாவது போதகர். அவர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிறவர்களில் நானும் ஒருவன். அன்று எடுத்துக்கொண்ட வசனம் எபேசியர் 2:10. நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் படைக்கப்பட்டோம், நாம் நடக்கும்படி தேவன் அவற்றை முன்னதாகவே ஆயத்தம் பண்ணி வைத்திருக்கிறார் என்கிற வசனம். எனக்கு இது வெறும் வசனம் இல்லை. நான் பிறக்குமுன் என் அம்மா அன்னாளைப்போலப் பொருத்தனை பண்ணினாள். பிள்ளை பிறந்தால் ஊழியத்துக்கு என்று. இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன், இரண்டு முறையும் தேர்வாகவில்லை. பேங்க் பரீட்சையில் தேர்வானேன். அம்மா அதற்காக அழுதது எனக்குத் தெரியும், நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அப்புறம் பல வருஷம் நானே எனக்குச் சொல்லிச் சொல்லி ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தேன். அங்கியைப் போட்டுக்கொள்வது மட்டும் அழைப்பு இல்லை, என்னை எங்கே உட்கார வைத்தாரோ அங்கேதான் அவருடைய நோக்கம் இருக்கிறது என்று. அந்த ஞாயிறு அதைத்தான் பேசினேன். “நான் உட்காரும் கவுண்டர்தான் என் பலிபீடம்” என்றும் சொன்னேன். மனதாரச் சொன்னேன்.

அசரியா பேராயரைப் பற்றியும் பேசினேன். எங்கள் பக்கத்துக்காரர், 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் எழுந்து நின்று, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டார். அந்த இடத்தில் என் குரல் தழுதழுத்தது. பெண்கள் பக்கம் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்த அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிரசங்கம் நன்றாக அமைந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவர்கள் வந்ததற்குக் காரணம் அந்தப் பிரசங்கம்.

“தம்பி, நேத்து நீங்க பேசுனதக் கேட்டேன். அதான் தைரியமா வந்தேன்” என்றுதான் ஆரம்பித்தார்கள். அவர்கள் அடகு வைத்த நகைப் பாக்கெட் புதன்கிழமை ஏலப் பட்டியலில் இருந்தது. ஒரு ஜோடி பாம்படம், அந்தக் காலத்துக் காது நகை, அவர்களுடைய அம்மா போட்டிருந்தது. உள்ளே அரக்கு இருக்கும் என்பதால் அடகு வைக்கும்போதே மதிப்பீட்டாளர் எடையைக் கழித்துத்தான் போட்டிருந்தார். நிகர எடை ஐந்து பவுனுக்குக் கிட்ட. அசல் 1,40,000 ரூபாய். வட்டி மட்டும் கட்டினால் அன்றே புதுப்பித்துவிடலாம். வட்டி 17,000 சொச்சம். கையில் 6,000 கொண்டுவந்திருந்தார்கள். சின்ன மணிபர்ஸ், அதற்குள் மடித்த நோட்டு. மகன் மஸ்கட்டில் இருக்கிறான், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவான், அதுவரை நிறுத்தி வைக்க முடியுமா என்று கேட்டார்கள். பேத்தி கல்யாணத்துக்கு அதை அழித்துச் செயினாகச் செய்ய வேண்டும் என்றார்கள். அப்புறம் கொஞ்சம் முன்னால் குனிந்து, “நம்ம சபைப் பிள்ளதானய்யா நீங்க” என்றார்கள்.

அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

விதிப்படி நான் தவறு செய்யவில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இது உண்மை. கடன் தவணை முடிந்து பல மாதம். பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பியிருந்தோம், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது, மறுபடி அனுப்பினோம். நாளிதழ்களில் விளம்பரம் வந்துவிட்டது. சபைக்காரர் என்பதற்காக ஒருவருக்கு ஒரு சலுகை கொடுத்தால், நாளைக்கு வரிசையில் நிற்கும் மற்றவருக்கு என்ன பதில்? வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்திருக்கிறேன். கிறிஸ்தவன் என்று தெரிந்து என்னிடம் காரியம் சாதிக்க வருகிறவர்களுக்கு வளைந்து கொடுக்க மாட்டேன். என் சாட்சியே அதுதான் என்று நம்பினேன். யாக்கோபு 2-ம் அதிகாரம், பட்சபாதம் கூடாது என்கிறது. அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்த அதிகாரத்தை நினைத்துத்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சரி, அந்த அதிகாரத்தை அன்று இரவே எடுத்து வாசித்திருந்தால்? பொன் மோதிரம் போட்டவன் உள்ளே வரும்போது நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, அழுக்கு உடுப்போடு வந்த ஏழையைத் தள்ளி நிறுத்துகிறவர்களைத்தான் யாக்கோபு கடிந்துகொள்கிறார். அதற்கு முந்தின மாதம் ஊரில் செல்வாக்குள்ள ஒருவருடைய பாக்கெட்டை ஏலத்திலிருந்து நிறுத்தி வைத்தோம். மண்டல அலுவலகத்துக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான். ‘கடன்தாரர் பதினைந்து நாள் அவகாசம் கேட்கிறார், பரிந்துரைக்கிறோம்.’ மேனேஜர் சொல்லச் சொல்ல டைப் செய்தது நான். கோப்பு என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. பெயரையும் கணக்கு எண்ணையும் மாற்றினால் போதும். மேனேஜரிடம் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மேலிடத்தில் மறுத்திருக்கலாம். அது வேறு. நான் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் இரண்டு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். நேர்மை என்று ஒரு நாள் தோன்றும். “சபைக்காரங்களுக்கு மட்டும் செய்யறாரு” என்று பக்கத்து மேஜையில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் என்று இன்னொரு நாள் தோன்றும். வரிசை நீளமாக இருந்தது, கசகசவென்று இருந்தது, கடிதம் எழுதி அனுப்பிப் பின்னாலேயே போன் செய்யச் சோம்பல், அவ்வளவுதான் என்று தோன்றும் நாட்களும் உண்டு. இந்த மூன்றில் எது உண்மை என்று தேவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று சொன்னால் பொய்.

சொந்தப் பணம் கொடுத்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். வாடிக்கையாளரோடு ஊழியர் பணக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னேன். அதுவும் விதிதான். ஆனால் அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாக எடுத்து வைத்த அந்த மாதத் தசமபாகக் கவர் அன்று என் பையில் இருந்தது, 9,000 ரூபாய். அவர்களுடைய 6,000-ஐச் சேர்த்தால் 15,000. மிச்சத்தை வீட்டில் யாரிடமாவது புரட்டச் சொல்லியிருக்கலாம். சபையில் வேறு யார் மூலமாவது கவரைக் கொடுத்திருந்தால் விதியும் உடைந்திருக்காது. மாற்கு 7-ல் கொர்பான் பற்றி ஆண்டவர் சொல்கிறார். பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் காணிக்கை என்று பெயர் சொல்லி நிறுத்திவிடுகிறவர்களைப் பற்றி. அந்த அம்மா என்னைப் பெற்றவர் இல்லை. இருந்தாலும் அந்தப் பகுதி வரும்போது இப்போது வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மதிப்பீட்டாளர் பாக்கெட்டைப் பிரித்துச் சரிபார்த்தபோது பாம்படத்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். மூன்று தலைமுறையாக நகைத் தொழில் செய்யும் குடும்பம் அவருடையது. “பழைய வேலைப்பாடு சார். இதச் செய்யறதுக்கு இப்ப கை கிடையாது. எடுக்கிறவன் நேரா உருக்கிருவான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை ஏலம் முடிந்தது. அசல், வட்டி, செலவு எல்லாம் போக மிச்சம் 24,000 சொச்சம் அவர்கள் கணக்கில் வரவு வைத்தோம். ஒரு ரூபாய்கூட ஏமாற்றவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் பணத்தோடு வந்தார்கள். மகன் சொன்னபடி அனுப்பியிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். மிச்சத் தொகை எழுதிய சீட்டைக் கொடுத்தேன். அவர்கள் சத்தம் போட்டிருந்தால், “நீயெல்லாம் பிரசங்கம் பண்றியா” என்று கேட்டிருந்தால், நான் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ. சீட்டை நான்காக மடித்து மணிபர்ஸில் வைத்தார்கள்.

“பரவாயில்ல சார். கர்த்தருடைய சித்தம்.”

திங்கட்கிழமை ‘தம்பி’, வெள்ளிக்கிழமை ‘சார்’. அதுகூடப் பரவாயில்லை. கர்த்தருடைய சித்தம் என்றார்களே, அதுதான். இல்லைம்மா, அது என் சித்தம், என் சோம்பல், என் பயம், அந்தப் பட்டியலுக்குக் கீழே இருந்தது என் கையெழுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். கர்த்தர் பெயரை என் செயலுக்குப் போர்வையாகப் போட்டுவிட்டுப் போனார்கள், நானும் அதை இழுத்து மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை சொன்னதைவிட இந்தத் தலையாட்டல்தான் பெரிய பாவம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

வேலையில் தேவ நோக்கம் என்று பேசும்போது நாம் எல்லோரும் யோசேப்பிடம் போகிறோம். நானும் போயிருக்கிறேன். குழியில் விழுந்தான், சிறைக்குப் போனான், கடைசியில் எகிப்தின் தானியத்துக்கே அதிகாரியானான், “ஜீவரட்சணை செய்யும்படிக்குத் தேவன் என்னை முன்னே அனுப்பினார்” என்று சகோதரரிடம் சொன்னான். அது ஆதியாகமம் 45. இரண்டு அதிகாரம் தள்ளி 47-ல் என்ன இருக்கிறது என்று நான் கேட்ட பிரசங்கம் எதிலும் யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. பஞ்சத்தில் தானியம் கேட்டு வந்த ஜனங்களிடம் யோசேப்பு முதலில் பணத்தையெல்லாம் வாங்குகிறான். பணம் தீர்ந்ததும் ஆடு மாடு குதிரை. அதுவும் தீர்ந்ததும் நிலம். கடைசியில் அவர்களையே பார்வோனுக்கு அடிமைகளாக எழுதிக்கொண்டு, விதைக்கத் தானியம் கொடுத்து, விளைச்சலில் ஐந்தில் ஒன்று பார்வோனுக்கு என்று சட்டம் போடுகிறான். ஆசாரியர்களுடைய நிலத்தை மட்டும் தொடவில்லை. அந்த ஜனங்களோ, எங்கள் உயிரைக் காப்பாற்றினீர் என்று அவனுக்கு நன்றி சொல்கிறார்கள்.

யோசேப்பு தவறு செய்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அவன் இல்லாவிட்டால் அவர்கள் செத்திருப்பார்கள். வேதம் அவனை அந்த இடத்தில் குறை சொல்லவும் இல்லை, மெச்சவும் இல்லை. ஆனால் தேவனே அனுப்பிய ஒருவன், தேவன் உட்கார வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, கணக்கில் பிசகாமல், முன்னால் நிற்கிறவர்களுடைய கடைசிப் பொருள்வரை வாங்கிக்கொள்ள முடிகிறது. நாற்காலி தேவன் கொடுத்தது என்பதால் அதில் உட்கார்ந்து செய்வதெல்லாம் அவருடைய நோக்கம் ஆகிவிடாது போலிருக்கிறது. இதை எழுதும்போதே சந்தேகமும் வருகிறது. ஏழு வருஷப் பஞ்சத்தில் ஒரு நாட்டையே காப்பாற்ற வேண்டியவன் வரும் ஒவ்வொருவரிடமும் உன் கதை என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தால் களஞ்சியம் என்ன ஆகும்? எங்கள் கிளையில் அந்த மாதப் பட்டியலில் நாற்பதுக்கு மேல் பெயர்கள். எல்லோருக்கும் ஒரு மகன், ஒரு பேத்தி, ஒரு வெள்ளிக்கிழமை இருந்திருக்கும்.

இப்போது பட்டியல் வந்ததும் சாயங்காலம் நானே எல்லோருக்கும் போன் செய்கிறேன். எந்தச் சபை, எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை. சிலர் வந்து வட்டி கட்டுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள், பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. அவகாசக் கடிதமும் எழுதுகிறேன், போன வருஷம் ஐந்து அனுப்பினேன், இரண்டுக்கு அனுமதி வந்தது. முன்னதாக ஆயத்தம் பண்ணி வைத்த நற்கிரியை இதுதானா, அல்லது அந்த அம்மாவுக்கு நான் கட்டும் வட்டியா என்று தெரியவில்லை. எபேசியர் 2:10-ஐ எடுத்து நான் மறுபடி பிரசங்கம் செய்யவில்லை. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அந்த மேடையில் நின்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தார்கள். பேத்திக்கு அடுத்த மாதம். மேலே ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்’ என்று அச்சடித்திருந்தது. மகன் மஸ்கட்டிலிருந்து வருகிறானாம், செயின் அவனே வாங்கி வருகிறானாம். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்களே பேசிவிட்டார்கள்.

“பந்திக்கு முன்னால நீங்கதான் ஜெபம் பண்ணணும், சார்.”

சரிம்மா என்றேன்.