கிளிக் விலை ஏறும்போது பிட்டைத் தொடும் முன் பார்க்க வேண்டியது

கூகுள் ஆட்ஸில் கிளிக் விலை ஏறியதும் எல்லோருடைய கையும் பிட்டுக்குத்தான் (ஒரு கிளிக்குக்கு நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகை) போகும். பிட்டை ஏற்றினால் விளம்பரம் மேலே வரும், பட்ஜெட் மதியத்துக்குள் காலியாகும். பிட்டைத் தொடும் முன் கீவேர்ட்ஸ் (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொற்கள்) பக்கத்தில் 'மாடிஃபை காலம்ஸ்' போய், 1 முதல் 10 வரை தர மதிப்பெண்ணான குவாலிட்டி ஸ்கோரையும், எக்ஸ்பெக்டட் சிடிஆர் (விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்வார்கள் என்ற கணிப்பு), ஆட் ரெலவன்ஸ் (தேடலுக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது), லேண்டிங் பேஜ் எக்ஸ்பீரியன்ஸ் (கிளிக் செய்தவர் போய் இறங்கும் பக்கம் எப்படி இருக்கிறது) ஆகிய மூன்றையும் சேர்த்துவிடுங்கள். மூன்றும் சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்று காட்டும். ஒப்பிடுவது கடந்த 90 நாளில் அதே கீவேர்டுக்கு விளம்பரம் காட்டிய மற்றவர்களோடு. ஸ்கோர் இடத்தில் வெறும் கோடு இருந்தால் தேடல் போதவில்லை என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் அதிகம் தேடப்படாத சொற்களுக்கு அது சகஜம்.

விலை ஏன் மாறுகிறது? ஒவ்வொரு தேடலிலும் விளம்பர இடத்துக்கு ஓர் ஏலம் நடக்கிறது; அதில் பிட்டோடு விளம்பரத்தின் தரமும் சேர்கிறது. கணக்குக்காக எளிமையாக்கி, பிட்டைத் தரத்தால் பெருக்கி வருவதை வைத்து இடம் கிடைக்கிறது என்று சொன்னால், உங்களுக்குக் கீழே இருப்பவரின் பிட் 40 ரூபாய், தரம் 5 என்றால் பெருக்கல் 200. அவரைத் தாண்ட, தரம் 4 உள்ளவருக்கு 50 ரூபாய் ஆகும். தரம் 8 உள்ளவருக்கு 25 ரூபாயே போதும். உண்மையான ஏலத்தில் தேடுபவரின் இடம், சாதனம், நேரம் எல்லாம் சேரும், தரமும் ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாகக் கணக்கிடப்படும். திரையில் தெரியும் 1 முதல் 10 வரையான எண் ஏலத்துக்குள் போவதில்லை. அது ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி, அவ்வளவுதான்.

மூன்றில் உடனே கைவைக்கக் கூடியது ஆட் ரெலவன்ஸ். ஆர்ஓ வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரிப்பேர், ஃபில்டர் மாற்றும் விலை, புது மெஷின், ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என எல்லாக் கீவேர்டும் ஒரே ஆட் குரூப்பில் (ஒரே விளம்பரங்களைப் பகிரும் கீவேர்ட் தொகுப்பு) கிடக்கும். விளம்பரமோ 'தரமான சேவை, நியாயமான விலை' என்று பொதுவாகப் பேசும். 'ஆர்ஓ லீக் ரிப்பேர்' என்று தேடுகிறவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. ரெலவன்ஸ் சராசரிக்குக் கீழே விழுவது இப்படித்தான்.

முதலில் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை (மக்கள் உண்மையில் தேடிய சொற்களின் பட்டியல்) இறக்கி, தேடியவர் கேட்பது என்ன என்று பார்த்துப் பிரியுங்கள். ரிப்பேர் ஒரு குரூப், ஃபில்டர் விலை ஒன்று, புது மெஷின் ஒன்று. ஒரு கீவேர்டுக்கு ஒரு குரூப் என்ற பழைய முறை இப்போது வீண் வேலை. கீவேர்டோடு மிக நெருக்கமாகப் பொருந்தும் தேடலுக்கு மட்டும் விளம்பரம் காட்டும் எக்ஸாக்ட் மேட்சே 2018 முதல் ஒரே பொருள் தரும் வேறு சொற்களுக்கும் பொருந்துகிறது. நீங்கள் தரும் தலைப்புகளை கூகுளே மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும் ரெஸ்பான்சிவ் ஆடில், ஒவ்வொன்றும் 30 எழுத்துக்குள் 15 ஹெட்லைன் வரை தரலாம். அதில் நான்கைந்திலாவது அந்த குரூப்பின் சொல் நேரடியாக வரட்டும், மற்றவற்றில் விலை, ஏரியா, வரும் நேரம். கீவேர்டை 15லும் திணித்தால் படிக்கிறவர் கிளிக் செய்ய மாட்டார், சிடிஆர் கீழே போகும்.

நெகட்டிவ் கீவேர்ட் (தேடலில் இருந்தால் விளம்பரம் வரக்கூடாத சொல்) போடும்போது ஒருமை, பன்மை இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள்; ஒன்றைப் போட்டால் மற்றது தானாகத் தடைபடாது. ரிப்பேர் குரூப்பில் 'வேலைவாய்ப்பு', 'செய்வது எப்படி' போன்றவை கட்டாயம். பிறகு ஓரிரு வாரம் எதையும் தொடாமல் விடுங்கள். தினமும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

விளம்பரம் எழுதும்போது கூகுள் காட்டும் மதிப்பீடான ஆட் ஸ்ட்ரெங்த் 'எக்ஸலன்ட்' ஆகிவிட்டதே என்று நிம்மதியடைபவர்கள் நிறைய. குவாலிட்டி ஸ்கோரில் அது சேர்த்தியே இல்லை.

ரெலவன்ஸ் சராசரிக்கு மேலே வந்தும் சிடிஆர் கீழேயே இருந்தால், சொல் பொருந்துகிறது, ஆனால் இழுக்கவில்லை. ஹெட்லைனில் விலையை வைத்துப் பாருங்கள். லேண்டிங் பேஜ் கீழே இருந்தால், ரிப்பேர் தேடி வந்தவரை முகப்புப் பக்கத்தில் இறக்கிவிட்டிருப்பீர்கள்.

போட்டிக் கம்பெனியின் பிராண்ட் பெயரைக் கீவேர்டாக வைத்திருந்தால் மட்டும் இந்த வேலை எதுவும் பெரிதாக உதவாது. அவர்கள் டிரேட்மார்க் புகார் கொடுத்திருந்தால் அந்தப் பெயரை விளம்பரத்தில் எழுதவும் முடியாது. அங்கே ரெலவன்ஸ் பெரும்பாலும் கீழேதான் கிடக்கும்; கட்டுப்படியாகிறதா என்று பார்த்து, ஆகாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.