ஷெட்யூலர் பாடம்: ஒரே கணக்கை இரண்டு முறை போட்டுப் பாருங்கள்

ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் எந்த வேலையை எப்போது ஓட்டுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரின் எஃப்சிஎஃப்எஸ் (முதலில் வந்தது முதலில்), எஸ்ஜேஎஃப் (சிறியது முதலில்), ரவுண்ட் ராபின் (சுழற்சி முறையில் கொஞ்சம் கொஞ்சமாக) கணக்குகளை ஒரே புராசஸரில் போட்டுப் பழகுகிறார்கள். பல புராசஸர் பகுதி வந்ததும் நாலு வரியை மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது, ஒரே கணக்கை இரண்டு நிலையிலும் போட்டுப் பார்த்த பிறகுதான்.

மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. அவற்றுக்குத் தேவை 3, 3, 6 மில்லிவினாடி. புராசஸர் ஒன்றுதான் என்றால், சிறியதை முதலில் விடும்போது காத்திருப்பு 0, 3, 6, சராசரி 3. பெரியதை முதலில் விட்டால் 0, 6, 9, சராசரி 5. எப்படி அடுக்கினாலும் எல்லாம் முடிவதென்னவோ 12-இல்தான்.

இனி, எந்த வேலை எப்போது ஓடுகிறது என்று காட்டும் கேன்ட் வரைபடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். புராசஸர் இரண்டு. சிறியவை முதலில் போனால் இரண்டும் 3-இல் முடிந்துவிடும். பெரியது அதன் பிறகு தொடங்கி 9-இல் முடியும். அந்த 6 மில்லிவினாடியும் மற்றொரு புராசஸர் சும்மா கிடக்கும். பெரியதை முதலில் விட்டாலோ எல்லாம் 6-இலேயே முடிந்துவிடும். சராசரி காத்திருப்பைக் கணக்கிடுங்கள்: இரண்டிலும் 1! ஆக, சராசரியை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. எதை அளக்கிறோம் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதச் சொல்வது இதனால்தான்.

இன்னும் வியப்பான ஒன்று: வேலைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால், புராசஸரைக் கூட்டினாலும் மொத்த நேரம் நீளக்கூடும். ரொனால்ட் கிரஹாம் 1966-இலேயே இதைக் காட்டிவிட்டார்.

ரவுண்ட் ராபினில் குவாண்டம் (ஒரு வேலைக்கு ஒரு முறை கிடைக்கும் நேரம்) 4 மில்லிவினாடி, ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்கு மாற 1 மில்லிவினாடி என்றால் நேரத்தில் 20 சதவீதம் மாற்றத்திலேயே போய்விடும். குவாண்டத்தை 99 ஆக்கினால் இழப்பு 1 சதவீதம்தான். ஆனால் கீபோர்டு முன் இருப்பவர் காத்துக்கிடக்க வேண்டும். இந்த இழுபறி பல புராசஸரிலும் உண்டு, வேறு வடிவில். சும்மா இருக்கும் கோருக்கு (சிப்பிலுள்ள ஒரு புராசஸர்) வேலையை மாற்றினால் சுமை சமமாகும். பழைய கோரின் கேஷில் (அருகிலேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்) சேர்ந்திருந்த தரவு மட்டும் கூடவே வராது. எல்லாக் கோர்களுக்கும் ஒரே வரிசை வைத்தால் அதன் பூட்டுக்கே (ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் வரிசையைத் தொட விடுவது) போட்டி. லினக்ஸ் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை வைத்துக்கொண்டு, அவ்வப்போது சுமையைச் சமன் செய்கிறது. தேர்வில் சுமை, கேஷ், பூட்டு இந்த மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தனித்தனியே எழுதினால் காரணம் விளங்காது.

லினக்ஸ் கணினி இருந்தால் கையாலேயே செய்து பார்த்துவிடுங்கள். கணக்கு மட்டுமே செய்யும் ஒரு நிரலை, டாஸ்க்செட் (taskset) கட்டளையால் ஒரே கோரில் கட்டி, இரண்டு பிரதிகளாக ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருமடங்கு நேரம் எடுக்கும். வெவ்வேறு கோரில் கட்டினால் தனியே ஓடிய நேரத்தை ஒட்டியே முடியும். டாஸ்க்செட்டுக்குத் தரும் இரண்டு எண்களும் ஒரே கோரின் இரண்டு த்ரெட்களாக இருந்துவிடக் கூடாது; எல்எஸ்சிபியு (lscpu) கட்டளையில் முதலில் சரிபாருங்கள். பிறகு, பெரிய அரேயைத் தாறுமாறாகத் தொடும் நிரலை வைத்து இதையே செய்யுங்கள். தனித்தனிக் கோரில் ஓடினாலும் நேரம் கூடலாம்: கடைசி நிலைக் கேஷும் நினைவகப் பாதையும் பெரும்பாலும் பொதுவானவை, அங்கே ஷெட்யூலரால் அதிகம் செய்ய முடியாது.