அம்மாவின் பொருத்தனையும் எருசலேமின் தெற்குப் படிகளும்

தம்பி பிழைத்து எழுந்தால் எருசலேமில் போய் நின்று 84-ஆம் சங்கீதத்தை வாசிப்பேன் என்று அம்மா பொருத்தனை பண்ணியிருந்தாள். கர்த்தர் தம்பியைத் திரும்பத் தந்தார். ஆனால் அந்தப் பயணத்துக்கு முன்பே அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டாள். பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதிக்கக் கூடாது அல்லவா, அதனால் அவளுக்காக நான் போனேன்.

இயேசுவின் கல்லறை ஆலயத்தில் தாங்க முடியாத நெரிசல். முழங்கால் போடக்கூட இடமில்லை, கண்ணை மூடினால் பின்னால் இருப்பவர் தள்ளிவிடுகிறார். வெளியே தெருவில் ஒலிவ மரச் சிலுவை விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒரு விலை சொல்கிறார்கள், நாம் நடக்க நடக்க அதையே பாதியாக்குகிறார்கள். ஆண்டவர் நடந்த ஊரில் இப்படியா என்று மனசு கலங்கிப்போனது.

தெற்குப் படிகள் எங்கள் பயணத் திட்டத்தில் இல்லை. கூட வந்த எங்கள் சபைப் போதகர் ஐயர்தான் கைடிடம் பிடிவாதமாகப் பேசி அழைத்துப்போனார். யூதரின் பழைய ஆலயம் இருந்த ஆலய மலைக்குத் தெற்கிலிருந்து ஏறிப்போன ஏரோது காலத்துப் படிகள் இவை. சில இடங்களில் பழைய கல்லே இருக்கிறது, மீதியைச் சீரமைத்திருக்கிறார்கள். ஒரு படி அகலம், அடுத்தது குறுகல். ஓடி ஏற முடியாது, பார்த்துப் பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும். மேலே ஆலய மலைக்குள் போன உல்தாள் வாசல்கள். அவற்றில் ஒன்றின் மூன்று வளைவுகளும் கல் வைத்து அடைக்கப்பட்டிருக்கின்றன.

அடைத்துக் கிடந்த அந்த வாசலைப் பார்த்ததும் ஆலய வாசலில் காவல் நின்றவர்களின் நினைவு வந்துவிட்டது. வேதத்தில் நாளாகமப் புத்தகத்தில் பேர்ப்பட்டியல் வந்தால் நம்மில் பலர் தாண்டிப் போய்விடுகிறோம். அம்மா தாண்டமாட்டாள். சல்லூம், அக்கூப், தல்மோன், அகிமான் என்று வாசல்காவலர் பெயர்களை நிறுத்தி நிறுத்தி வாசிப்பாள். தாவீது ராஜா ஆலய ஊழியம் செய்யும் கோத்திரமான லேவியரில் 4000 பேரை வாசல் காக்க வைத்தார். சிறியவன் பெரியவன் என்று பாராமல் சீட்டுப் போட்டு வாசல்களைப் பிரித்தார்கள். கிழக்கு வாசலுக்கு ஆறு பேர், தெற்குக்கு நாளொன்றுக்கு நாலு பேர். ராத்திரி ஆலயத்தைச் சுற்றியே தங்கி, காலைதோறும் கதவைத் திறப்பது அவர்கள் வேலை. தெற்கு வாசல் ஓபேத்ஏதோமுக்கு விழுந்தது. உடன்படிக்கைப் பெட்டி மூன்று மாதம் இருந்த வீட்டுக்காரர் என்றே வேதம் வாசிக்கிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அவர்கள் காத்தது சாலொமோன் கட்டிய ஆலயத்தின் வாசல்; இது அதன் பின் கட்டிய இரண்டாம் ஆலயத்தின் வாசல்தான். ஆனாலும் தெற்கைப் பார்த்து நின்றபோது ஓபேத்ஏதோமின் நினைவுதான் வந்தது.

இரண்டாம் ஆலயத்தில் 24 இடங்களில் இரவுக் காவல் இருந்ததாக யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. 21 இடங்களில் லேவியர், மூன்றில் ஆசாரியர். அதிகாரி தீப்பந்தங்களோடு சுற்றி வரும்போது காவலன் எழுந்து வாழ்த்துச் சொல்லாவிட்டால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். கம்பால் அடி விழும், அவன் உடையைக் கொளுத்தவும் அந்த அதிகாரிக்கு உரிமை உண்டு. அவ்வளவு பயபக்தி இருந்தது அந்த வாசலில்!

அப்புறம் ஐயர் இன்னொன்றும் சொன்னார். ஆலய மலைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் வலப்பக்கமாய் நுழைந்து சுற்றி இடப்பக்கமாய் வெளியேறுவார்களாம். துக்கத்தில் இருப்பவர் மட்டும் எதிர்த்திசையில் நடப்பார். எதிரே வருகிறவர்கள், “ஏன் இடப்பக்கமாய்ப் போகிறாய்?” என்று கேட்பார்கள். “நான் துக்கம் கொண்டாடுகிறவன்” என்றால், “இந்த ஆலயத்தில் வாசமாயிருக்கிறவர் உன்னைத் தேற்றுவாராக” என்பார்கள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கால் நகரவில்லை. அம்மாவை அடக்கம் பண்ணிய நாள் முதல் எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த வெயிலில், தேய்ந்த கல்லின் மேல், அம்மாவின் பழைய பைபிளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றபோது அந்த வார்த்தையை யாரோ என்னிடமே சொன்னது போல இருந்தது. படியில் உட்கார்ந்து 84-ஐ வாசித்தேன். கோராகின் புத்திரர் சங்கீதம். மோசேக்கு எதிராக எழும்பி, பூமி விழுங்கிப்போட்ட அதே கோராகு! ஆனால் கோராகின் குமாரர் சாகவில்லை என்று எண்ணாகமத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வம்சத்தாருக்குத்தான் கர்த்தர் தம் வாசலைக் காக்கக் கொடுத்தார். “என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் காத்திருப்பதைத் தெரிந்துகொள்ளுவேன்” என்ற இடம் வந்ததும் குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் மீதி வசனங்களை வாசித்து முடித்தார்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியபோது வாசல்காவலர் வம்சத்தார் 139 பேர் வந்தார்கள் என்று எஸ்றா எண்ணி எழுதியிருக்கிறார். இடிந்து கிடந்த ஆலயத்துக்கு, கதவே இல்லாத வாசலுக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். ஸ்தோத்திரம் ஆண்டவரே! அந்த 139 பேருக்காகவும் ஸ்தோத்திரம், அவர்கள் பெயர்களை எனக்கு வாசித்துக் காட்டின அம்மாவுக்காகவும் ஸ்தோத்திரம். தம்பியைத் தந்தீரே, என்னை அதுவரை கொண்டுபோனீரே!

போகிறவர்கள் தெற்குப் படிகளைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கைடிடம் முன்கூட்டியே கேளுங்கள். குப்பைமேட்டு வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், படிகளில் நிழல் கிடையாது. 84-ஆம் சங்கீதத்தைச் சத்தமாகவே வாசியுங்கள்.