எதிரே இருப்பவரின் எண்

மே 18
செஸ் போட்டியின் பேரிங், யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல், வந்துவிட்டது. ரேட்டிங்கில் நான் 1640, எதிரே ஆடப்போகிறவர் 2215. முதல் சுற்றில் பட்டியலின் மேல்பாதியைக் கீழ்பாதியோடு கோப்பார்கள். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவருடைய பழைய ஆட்டங்களைத் தேடினேன், கருப்பில் கரோ-கான் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடுகிறார். சரி, தூங்கணும்.

மே 19
தோல்வி. பெரிய அடி எதுவும் விழவில்லை. ராணிகள் போனபிறகு ராஜாவை நடுவுக்கு நடத்தினார், குதிரையை நல்ல கட்டத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான், எனக்கு உருப்படியான நகர்த்தலே இல்லாமல் போனது.

முடிந்ததும் உட்கார்ந்து ஆட்டத்தைக் காட்டினார். "என்னோட ஆடுறவங்க எல்லாரும் ராணியைச் சீக்கிரம் மாத்திக்கிறாங்க. எனக்கு வேண்டியதே அதுதான்." காய்கள் குறைந்தால் டிரா கிட்டே வரும் என்று எங்கள் மட்டத்தில் எல்லோரும் நம்புகிறோம். குறையக் குறைய அவர்களுக்குத்தான் வசதி.

மே 20
அக்கா கூப்பிட்டாள். இன்னும் சொல்லவில்லையாம்.

மே 21
ஜெயித்தேன். அதனால் நாளைக்கு மறுபடி மேலே இருக்கும் ஒருவர், 2198.

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ரேட்டிங் வித்தியாசம் 400-ஐத் தாண்டினாலும் 400 என்றே எடுப்பார்கள். ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதற்கான பெருக்கு எண், என் கே, 20. தோற்றால் 1.6 புள்ளி போகும், டிரா என்றால் 8.4 வரும், ஜெயித்தால் 18.4. காகிதத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை. நெஞ்சு அதைக் கேட்கமாட்டேன் என்கிறது.

நம்ம ஊர் செஸ் ஆட்டக்காரர் மானுவல் ஆரோனை நினைத்துக்கொள்கிறேன். 1960-ல் லைப்சிக் செஸ் ஒலிம்பியாட்டில் மாக்ஸ் யூவேயைத் தோற்கடித்தார். 1962-ல் ஸ்டாக்ஹோம் போட்டியில் பட்டியலின் அடியில் இருந்துகொண்டே போர்டிஷ், ஊல்மன் என்ற இரண்டு கிராண்ட்மாஸ்டர்களை வீழ்த்தினார். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே, இந்த ரேட்டிங் எண்ணைத் தரும் எலோ முறையை ஏற்றது 1970-ல்தான். அன்று யூவேயின் பெயருக்குப் பக்கத்தில் எண் கிடையாது, ஆனால் முன்னாள் உலக சாம்பியன் என்ற பெயர் இருந்தது. எது கனம்? எண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயரோடு மோதலாம். எண் நம் தோல்வியை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

மே 22
டிரா!

மே 23
நேற்று எழுத முடியவில்லை, கை நடுங்கியது.

ரூக் (யானை) முடிவாட்டம், அவருக்கு ஒரு சிப்பாய் அதிகம். பழைய பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 1777-ல் எழுதிவைத்த அதே நிலை. என் கருப்பு ராஜா சிப்பாய்க்கு முன்னால் நிற்கணும், ரூக் ஆறாம் வரிசையைக் காக்கணும், சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் ரூக் முதல் வரிசைக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் கொடுக்கணும். டிரா என்று அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியுமா என்றுதான் அவர் சோதித்தார். கடிகாரத்தில் நகர்த்தலுக்கு 30 வினாடி கூடிக்கொண்டிருந்தது. ரூக்கை இங்கே வைத்தார், அங்கே வைத்தார், தண்ணீர் குடித்தார், எழுந்து நடந்துவிட்டு வந்தார். நான் ஆறாம் வரிசையை விடவில்லை. கடைசியில் சிப்பாயைத் தள்ளினார். ரூக் கீழே போனது. செக், செக், செக். ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. கை நீட்டினார்.

அவருக்கு டிரா வேண்டாம் என்பதில் எனக்குக் கோபமே இல்லை. அத்தனை நேரம் என்னை நம்ப மறுத்தார், அதுவே மரியாதை.

இன்று ஓய்வு நாள். அக்கா எடுக்கவில்லை.

மே 24
நாளை 2304. எனக்கு வெள்ளை. அவர் கருப்பில் சிசிலியன் தொடக்கம்தான் ஆடுவார், நான் அதில் சண்டை அதிகமான ஓபன் சிசிலியனுக்கே போகப்போகிறேன். ராணியை மாற்றமாட்டேன். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள், ஃபோன் பையில் இருந்தது. இப்போது பேசுகிறேன்