கிழங்கு ஆலையிலிருந்து போர்ச்சுகீசிய வகுப்புக்கு

வாழப்பாடிக்கு அருகே எங்கள் குடும்பத்துக்குச் சிறியதொரு ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. கோவாப் பல்கலைக்கழகத்துக்குப் போர்ச்சுகீசியம் படிக்கப் போகிறேன் என்று நான் வீட்டில் சொன்ன நாளில், அப்பாயி என்னை ஆலைக் களத்தில் நிறுத்தி, "அந்தப் பாஷை பேசுறவங்க நம்ம ஊருல ஆரு கண்ணு இருக்காங்க?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. முதல் பருவம் முடிந்து ஊருக்கு வந்தபோது பதில் இருந்தது: நீங்களே பேசுகிறீர்கள், அப்பாயி. ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி, கிடங்கின் சாவி, கணக்கு நோட்டு வைக்கிற அலமாரி, காற்று வர அவர் திறந்து வைக்கிற ஜன்னல், மூட்டைகள் போகிற ஏலம் ஆகிய ஐந்தும் மேஸ்திரே, ஷாவே, அர்மாரியோ, ஜனேலா, லெய்லாவ் என்ற போர்ச்சுகீசியச் சொற்களிலிருந்து வந்தவை. ஐந்நூறு ஆண்டுகளாக நம் வாயில் புழங்கி, உருவமும் ஒலியும் தேய்ந்து, நம்முடையவையாகவே ஆகிவிட்டவை.

மொழியைக் கற்பது எளிதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் ஆங்கிலத்தின் வழியாக அதை அணுகியவர்கள் தடுமாறிய இரண்டு இடங்களில் தமிழ் எனக்குக் கை கொடுத்தது. ஆங்கிலத்தில் 'இஸ்' என்ற ஒரே சொல் செய்கிற வேலையைப் போர்ச்சுகீசியம் 'செர்', 'எஷ்தார்' என்ற இரண்டு வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. 'அவர் ஆசிரியர்' என்பது முதல் வகை, 'அவர் வீட்டில் இருக்கிறார்' என்பது இரண்டாம் வகை. தமிழில் முதல் வாக்கியத்துக்கு வினையே வேண்டியதில்லை, இரண்டாவதற்கு 'இரு' வேண்டும் என்பதை நினைவில் கொண்டபோது, பயிற்சிகளில் பாதிக்கு மேல் தாமாகவே சரியாக விழுந்தன. எல்லா இடத்திலும் இந்தக் கணக்குச் செல்லாது. ஏற்காடு மலைமேல் இருக்கிறது என்று எழுத எஷ்தாரைப் போட்டேன். இடம் பெயராத ஊருக்கு அது பொருந்தாது என்று ஆசிரியர் அடித்துத் திருத்தினார்.

இன்னொன்று மூக்கொலி. 'ரொட்டி' என்று பொருள்படும் 'பாவ்', 'நல்ல' என்று பொருள்படும் 'போம்' முதலிய சொற்களின் ஈற்றில் உதடும் நாக்கும் எங்கும் ஒட்டாமல் உயிரொலி மூக்கு வழியாகப் போக வேண்டும். எழுத்தில் 'பணம்' என்று மகர மெய்யோடு எழுதுகிற நாம், பேச்சில் அந்த மெய்யை முடிக்காமல் மூக்கிலேயே விட்டுவிடுகிறோம். வீட்டில் பேசுகிற 'பணம்' என்பதன் கடைசி ஒலியை வைத்துக்கொண்டு 'போம்' என்று சொன்னேன். மீண்டும் ஒரு முறை சொல்லச் சொல்லாமல் ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போனார்.

நான் இந்தப் படிப்பைத் தேர்ந்ததன் காரணம் வேலைவாய்ப்பு மட்டும் அன்று. தமிழைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் இலக்கணம் போர்ச்சுகீசியத்தில் இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் கரையான முத்துக்குளித்துறையில் வாழ்ந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற அன்றிக் அடிகளார் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை எழுதினார். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் போர்ச்சுகீசியத்திலிருந்து மொழிபெயர்த்த 16 பக்கச் சிறுநூல். அதற்கும் முன்பே, 1554ஆம் ஆண்டு லிஸ்பனில், தமிழைப் போர்ச்சுகீசியத்தோடு சேர்த்து ரோமன் எழுத்தில் ஒரு கிறித்தவ மறைக்கல்வி நூலாக அச்சிட்டிருக்கிறார்கள். அந்தாவ் தெ ப்ரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679ஆம் ஆண்டு கேரளத்து அம்பழக்காட்டில் வெளிவந்தது. 16,000க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட அந்த நூலைத் தனிநாயகம் அடிகள் 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மீண்டும் பதிப்பித்துக் கொடுத்திராவிட்டால், என்னைப் போன்ற மாணவருக்கு அது கைக்கு எட்டியே இருக்காது. ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் மக்கள் பேசிய தமிழ் அங்கே பதிவாகியிருக்கிறது. அதன் பொருள் விளக்கமோ போர்ச்சுகீசியம் தெரிந்தவருக்கு மட்டுமே திறக்கிறது. இதைத் தமிழ் தாய்மொழியாக உள்ளவர்கள் படிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அந்த வழியில் இறங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு நூலகத்தின் பட்டியலில் 'தமிழ்' என்று தேடி ஒன்றும் கிடைக்காமல் ஒரு வாரம் வீணாக்கினேன். அக்காலப் போர்ச்சுகீசியர் தமிழை 'மலபார் மொழி' என்றே எழுதினார்கள் என்று ஆசிரியர் சொன்ன பிறகுதான் பட்டியல் திறந்தது.

இரண்டாம் ஆண்டில் பிரேசில் பண்பாடு பற்றிய பாடம் வந்தது. மரவள்ளி, நாங்கள் குச்சிக்கிழங்கு என்று சொல்வது, தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது என்பது எனக்கு முன்பே தெரியும். அங்கே அதைத் துருவி, 'திப்பிட்டி' என்ற நீண்ட பின்னல் குழாயில் அடைத்து இழுத்துப் பிழிகிறார்கள் என்று படங்களோடு விளக்கியபோது எங்கள் ஆலையே கண்ணுக்கு வந்தது: கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளிய விட்டு, அடியில் படிகிற மாவை எடுத்து, மீந்த சக்கையைக் களத்தில் காய வைத்துத் தீவனத்துக்கு விற்பது. அந்தச் சக்கைக்குச் சேலம் பக்கத்தில் திப்பி என்று பெயர். மரவள்ளி மாவைக் குறிக்கும் 'தப்பியோக்கா' என்ற சொல்லின் மூலம், பிரேசில் பழங்குடியினரின் டுப்பி மொழியில் சக்கை அல்லது கசடு என்று பொருள்படும் 'திப்பி'யும் பிழிதலைக் குறிக்கும் இன்னொரு கூறும் சேர்ந்தது என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதியபோது நான் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டேன்.

கிழங்கோடு சொல்லும் கப்பலேறி வந்திருக்கிறது என்று அன்றிரவே நான்கு பக்கம் எழுதினேன். ஆசிரியர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, கிழங்கு வருவதற்கு முன்பே இந்தச் சொல் தமிழில் இருந்ததா என்று மட்டும் கேட்டார். அகராதிகளைப் புரட்டினேன். சாறு எடுத்தபின் எஞ்சும் எந்தச் சக்கையையும் திப்பி என்று சொல்கிற பொதுச்சொல்லாகத்தான் அது நிற்கிறது; கிழங்கோடு அதற்குத் தனி உறவு ஒன்றும் இல்லை. ஒலியும் பொருளும் தற்செயலாக ஒத்துப்போகும், ஒப்புமை மட்டும் சான்று ஆகாது என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு நான்கு பக்கத்தையும் எடுத்து வைத்துவிட்டேன். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் வந்த வழி தெரிகிறது, திப்பிக்குத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளப் பழக்கியதுதான் பல்கலைக்கழகம் எனக்குச் செய்த பெரிய உதவி.

இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். பிரேசிலின் மாவு ஆலைச் சொற்களை ஒரு பக்கமும் எங்கள் ஆலைச் சொற்களை மறு பக்கமும் எழுதிவருகிறேன். அப்பாயி களத்தில் உட்கார்ந்து திப்பியைக் கிளறிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லுகிறார். இதுவரை நாற்பது சொற்கள் சேர்ந்திருக்கின்றன. தோல் சீவுகிற கத்திக்கு அவர் சொல்லும் பெயரை எந்த அகராதியிலும் இன்னும் காணவில்லை.